ஆணிப்புளி விறகு

பிளந்த புளியங்கட்டையில் தலையெண்ணெய் வாடை அடித்தது.

காளிதாஸ் முதலில் அதைப் பொருட்படுத்தவில்லை. கார்த்திகைத் தூறல், தார்ப்பாயிலிருந்து சொட்டும் தண்ணீர், டிராக்டரின் டீசல் புகை, ஈர மரத்தூள் எல்லாம் கலந்து அவனுடைய விறகுப் பட்டறையில் எப்போதும் ஏதாவது ஒரு வாடை இருந்துகொண்டேதான் இருக்கும். ஆனால் புளிய மரத்தைப் பிளந்தால் துவர்ப்பாகத்தான் வாசம் வரும். இது வேறு. மாதக்கணக்கில் துவைக்காத தலையணை உறையில் முகம் புதைத்தது போல, காறலெடுத்த தேங்காய் எண்ணெயும் வியர்வையும் சேர்ந்து அடித்தொண்டையில் போய் ஒட்டிக்கொள்கிற வாடை. எச்சில் துப்பினான். போகவில்லை.

டிராக்டரின் பின்தண்டில் இரும்புக் கூம்பு சுழன்றுகொண்டிருந்தது. பழைய லாரி ஆக்சிலைத் திருச்செங்கோட்டு லேத்தில் கூராகக் கடைந்து, மரை வெட்டி, அவனே பொருத்திய யந்திரம். கட்டையை அதன் முனையில் வைத்தால் கடித்து உள்ளே ஏறிப் பிளந்துவிடும். எடப்பாடியிலிருந்து ஜலகண்டாபுரம் வரை சாயப்பட்டறைகளுக்கும் கல்யாண மண்டபங்களுக்கும் அவன் விறகுதான் போகிறது.

கொஞ்ச தூரத்தில் மாரியப்பன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கடப்பாரையால் ஒரு கட்டையிலிருந்து ஆணி பிடுங்கிக்கொண்டிருந்தார். ரம்பத்தின் பல் போய்விடும் என்பதால் சாலையோர மரம் எது வந்தாலும் முதல் வேலை அதுதான். ஆனால் பக்கத்தில் இருந்த பெயிண்ட் டப்பா பாதிக்கு மேல் நிறைந்திருந்தது.

"இத்தனை ஆணியா? இது எந்த மரம் மாரியண்ணா?"

"தெரியாமயா கேக்கறீங்க தம்பி? பிரிவு ரோட்டு ஆணிப்புளிதானுங்க. ரோட்ட அகலம் பண்றம்னு வெட்டிப்போட்டானுங்க. பேய்க்குக்கூட ஊடு வாசல் இல்லாமப் பண்ணிப்போட்டானுங்க."

காளிதாஸ் சிரிக்கவில்லை.

பதினோரு வருடங்களுக்கு முன், கல்யாணமான முதல் வருடம், அவன் மனைவி சரிதா நாற்பது நாள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். தன் தலைமுடியை ஒவ்வொன்றாகப் பிடுங்கி வாயில் போட்டு விழுங்கினாள். அவனை யாரென்று கேட்டாள். சேலத்து டாக்டர் கொடுத்த மாத்திரைகள் கேட்கவில்லை. கடைசியில் ஆணிப்புளிக்குக் கூட்டிப்போனார்கள். பூசாரி அவள் உச்சிமுடியை ஒரு ஆணியில் சுற்றி, ஆணியை மரத்தில் அடித்து, முடியை அறுத்துவிட்டார். கடைசி அடியைக் காளிதாஸ்தான் அடித்தான். அவள் திரும்பி, "பசிக்குதுங்க மாமா" என்றாள். அன்றிலிருந்து ஒரு குறையும் இல்லை. ஆணி மரத்தில் இருக்கிறவரை பயமில்லை என்று பூசாரி சொல்லியிருந்தார்.

காளிதாஸ் டப்பாவைத் தரையில் கவிழ்த்தான். துருப்பிடித்த ஆணிகள், லாடங்கள், ஒரு சைக்கிள் கம்பி. அவன் கொண்டுபோனது மாட்டுவண்டிச் சக்கரம் கழலாமல் மாட்டுகிற கடையாணி. விரல் பருமனில், சதுரமாக இருக்கும். அது இதில் இல்லை. இரண்டு முறை தேடினான். இல்லை.

அப்படியானால் இன்னும் மரத்துக்குள்தான் இருக்கிறது.

"தம்பி, இங்க வாங்க," என்றார் மாரியப்பன். குரலில் கிண்டல் இருந்தது. சற்றுமுன் பிளந்த கட்டையைத் திருப்பிக் காட்டினார். மரத்தின் ரேகையோடு ரேகையாகக் கறுப்பாக ஏதோ ஓடியது. குறட்டால் அதன் நுனியைப் பிடித்து இழுத்தார். வந்தது. ஒரு முழம். இரண்டு முழம். சாண் முடியைத்தான் ஆணியில் சுற்றுவார்கள். இது வந்துகொண்டே இருந்தது, வெதுவெதுப்பாக, எண்ணெய்ப் பிசுக்கோடு, அரிசிக்குருணை போல ஈர் அப்பி.

"பொம்பளத் தல தோத்துப்போகும். சீப்பு ஒண்ணு வாங்கியாரட்டுங்களா?"

முடியிலிருந்து ஒரு பேன் இறங்கி அவர் மணிக்கட்டில் நடந்தது. வயிறு உப்பிய கொழுத்த பேன். பழக்கதோஷத்தில் கட்டைவிரல் நகத்தில் வைத்து நசுக்கினார். 'டிக்'கென்றது. நகத்தில் ரத்தம். புது ரத்தம். மரத்துக்குள் அது எதைக் குடித்தது? மாரியப்பன் சிரிப்பை நிறுத்திவிட்டு, டீசலை ஊற்றிக் கையைக் கழுவினார். திரும்பவும் கழுவினார்.

காளிதாஸ் செல்போனை எடுத்தான்.

"ஏனுங் மாமா?" என்றாள் சரிதா.

"ஒண்ணுமில்ல. நல்லா இருக்கறயா?"

"எனக்கென்ன? காலைல இருந்து உச்சந்தலதான் ஒரே அரிப்பு. பேன் புடிச்சிருக்குமாட்ட இருக்குது."

"சொறியாத," என்றான். ஏன் சொன்னான் என்று தெரியவில்லை.

ஒவ்வொரு கட்டையாகப் புரட்டினான். மழை இருட்டு கட்டிவந்தது. மணி ஐந்துகூட ஆகவில்லை. கடைசியாக, மூன்று ஆள் சேர்ந்தாலும் தூக்க முடியாத அடித்துண்டில் பட்டை ஓரிடத்தில் புடைத்து, இமை மூடியது போல ஒட்டியிருந்தது. நகத்தால் விலக்கினான். உள்ளே சதுர இரும்பு. கடையாணி. ஆடாமல் அசையாமல் கெட்டியாக இருந்தது. அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

"அப்படியே உடுங்க தம்பி," என்றார் மாரியப்பன். "நாளைக்குச் சங்கிலி போட்டு இழுத்துட்டுப் போயிப் பொதச்சிக்கலாம்."

ஆனால் விடியும்முன் லோடு ஏற்றும் ஆட்கள் வந்துவிடுவார்கள். ராத்திரி முழுக்க இதை இங்கே போட்டுவிட்டுத் தூங்க முடியாது. ஆணி இருக்கும் பாகத்தை மட்டும் தூக்குகிற அளவுக்குக் குறைத்து, வீட்டுக்குக் கொண்டுபோய்க் கண்ணெதிரில் வைத்துக்கொள்ள வேண்டும். பத்து வருடத்துக் கை. எந்த மரம் எந்தப் பக்கம் பிளக்கும் என்று பார்த்தாலே சொல்லிவிடுவான்.

"வேண்டாமுங்க," என்றார் மாரியப்பன், அவன் டிராக்டரில் ஏறுவதைப் பார்த்து.

காளிதாஸ் டிராக்டரைப் பின்னால் நகர்த்தி, கூம்பைக் கட்டையின் ஓரத்தில் கொடுத்தான். ஒரு சிராய் கழன்றது. இரண்டாவது. மூன்றாவது. எல்லாம் சுத்தமாக, ரேகையோடு. நான்காவதில் பிளவு ரேகையை விட்டு விலகியது. அவன் அப்படி ஒன்றைப் பார்த்ததே இல்லை. நெறுநெறுவென்று வளைந்து, தேடிக்கொண்டு போவது போல, நேராக ஆணியிடம் போனது.

எஞ்சினை அணைத்தான்.

கூம்பு நின்றது. அதன் மரை முழுக்க ஈரமுடி சுற்றிக் கொண்டை போலத் திரண்டிருந்தது. கடையாணியைத் தொட்டான். ஆடியது. சுத்தியலால் தட்டினான். அழுகிய வாழைப்பழத்தில் இறங்குவது போல உள்ளே போய், அதே வேகத்தில் வெளியே வந்து விழுந்தது. துளையிலிருந்து பழுப்பாகக் கொழகொழவென்று வழிந்தது. அதே வாடை.

மாரியப்பன் துண்டை உதறித் தோளில் போட்டார். "நான் வாரனுங்க," என்றார். மழையில் நனைந்தபடி போய்விட்டார்.

கொஞ்ச நேரத்தில் கேட்டருகில் குடை தெரிந்தது. சரிதா.

"போன்ல என்னமோ மாதிரி பேசுனீங்க. அதான் வந்தன்."

அவளுடைய குரல்தான். முகமும் அவளுடையதுதான். அவனை யாரென்று கேட்கவில்லை. காளிதாசுக்கு மூச்சு வந்தது. ஒன்றும் ஆகவில்லை. மரம் மரம்தான். ஆணி ஆணிதான்.

அவள் ஒரு கட்டைமேல் அவனுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து கொண்டையை அவிழ்த்தாள்.

"கொஞ்சம் பாருங்களேன். தாங்க முடியல."

லுங்கியில் கையைத் துடைத்துவிட்டு முடியை விலக்கினான். தோல் தெரியவில்லை. வெளிர் மஞ்சளாக, வழுவழுவென்று, ஈரமாக. பொடுகு என்று நினைத்தான். இன்னும் விலக்கினான்.

வளையங்கள். ஒன்றுக்குள் ஒன்று. எண்ணினான். பதினொன்று.

நடுவில் சதுரமாக ஒரு துளை. பேன்கள் எறும்புகளைப் போல உள்ளே போவதும் வருவதுமாக இருந்தன. துளையிலிருந்து நெற்றிப் பக்கமாக, முடி கனத்தில், வளைந்து ஒரு கோடு. அவள் மூச்சு விட்டாள். கோடு நீண்டது.

"இருக்குதுங்களா?"

இரண்டு உள்ளங்கையாலும் அவள் தலையை இருபக்கமும் சேர்த்து இறுக்கிப் பிடித்தான். பிடிக்குள்ளேயே அது விலகியது. நிதானமாக. காது வரை. அவள் மடியில் மரத்தூள் கொட்டியது.

"அப்படியே அழுத்துங்க மாமா," என்றாள் சரிதா, கண்ணை மூடி, இதமாக. "இப்பத்தான் அரிப்பு அடங்குது."