சுவிட்ச் போடாமலே நிறைந்தது

சுவரில் சுவிட்ச் போடவே இல்லை. விடிகாலையில் ஹெல்மெட்டை இடுக்கிக்கொண்டு, சார்ஜ் ஒயரிலிருந்து போனைப் பிடுங்கும்போதுதான் ஹேமநாதன் அதைக் கவனித்தான். பிளக் செருகியபடியே இருந்தது. சுவிட்ச் மட்டும் அணைந்து கிடந்தது. சனியன், இன்றைக்கும் தொலைந்தேன் என்று தலையில் அடித்துக்கொண்டு திரையைத் தொட்டான். நூறு காட்டியது. படுக்கும்போது பத்துகூட இல்லை.

எப்படியோ ஏறியிருக்கிறது, ஏறினால் சரி என்று விட்டுவிட்டான். மலேசியாவின் செனாயிலிருந்து எல்லை தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவனுக்கு அந்த நேரத்தில் யோசிக்க முடியுமா? எல்லைப் பாலத்தில் மோட்டார் சைக்கிள்கள் புகை கக்கிக்கொண்டு ஒன்றையொன்று இடித்து நிற்கும். போனை நீட்டி கியூஆர் கோடைக் காட்டினால்தான் கேட் திறக்கும். போன் செத்துவிட்டால் ஓரங்கட்டி, பாஸ்போர்ட் வரிசைக்கு அனுப்பிவிடுவார்கள். அது நகரவே நகராது. போன வாரம் அப்படி லேட்டாகப் போய் நின்றபோது, இது தொடர்ந்தால் கான்ட்ராக்ட் கிடையாது என்று சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டான். வீட்டில் ரூபினிக்கு எட்டாம் மாதம். இந்த லட்சணத்தில் புதுப் போனுக்கு எங்கே போவது?

வேலையிடத்தில் பக்கத்து மெஷினில் நிற்கிற ஜுனைத்துதான் சார்ஜை மிச்சம்பிடிக்க வழி சொல்லிக்கொடுத்திருந்தான்.

“வெளிச்சத்த கொறச்சிரு. லொக்கேஷன அடச்சிரு. பின்னால ஓடுற ஆப் எல்லாத்தயும் மூடு. கேட் வர்ற வரைக்கும் ஃப்ளைட் மோட்லயே வெச்சிருலா. பாலத்துல அது செத்துச்சுனா நீயும் செத்த.”

எல்லாவற்றையும் செய்தான். பகலில் ரூபினி கூப்பிட்டால் கிடைக்காதபடியும் செய்தான். “அவசரம்னா நான் என்னங்க பண்றது?” என்று அவள் கேட்டதற்கு, “அப்படி என்னா அவசரம் வந்துரப் போவுது?” என்று எரிந்து விழுந்தான். அப்படியும் அந்தக் கிழட்டு பேட்டரி மத்தியானத்துக்கே படுத்துவிடும்.

அன்றைக்குப் படுக்கவில்லை. சாயங்காலம் பாலத்தில் திரும்பும்போதும் பாதிக்குமேல் இருந்தது. ஹேமநாதன் விசிலடித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தான்.

வீட்டில் விளக்கு எரியவில்லை. முதல்நாள் இரவே ஊறவைத்த அரிசி புளித்து நாறிக்கொண்டிருக்க, ரூபினி கட்டிலில் அவன் விட்டுப்போன அதே இடத்தில், சுவர்ப் பக்கம் திரும்பிக் கிடந்தாள். கையைத் தொட்டான். குளிர்ந்திருந்தது.

“ஒடம்புல தெம்பே இல்லங்க. புள்ளயும் அசையல. ராத்திரி பூரா உங்க போனு என் வயித்துப் பக்கத்துலயே சுட்டுக்கிட்டு இருக்கு. அத ஹாலுல வைங்க.”

பிளக் இருப்பது அவள் பக்கத்துச் சுவரில். குட்டை ஒயர், போனை அவள் வயிற்றோரம்தான் போட வேண்டியிருந்தது. கிளினிக்குக்குக் கூட்டிப்போனான். பிள்ளையின் இதயம் துடிக்கிறது, அம்மாவுக்கு ரத்தம் கம்மி என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள்.

அன்று இரவு போனை ஹாலில் வைத்தான். சுவிட்சைப் போட்டு, போட்டதைத் தடவிப் பார்த்து, மறுபடியும் எழுந்துவந்து பார்த்துவிட்டுத்தான் படுத்தான்.

காலையில் முட்டை பொரிக்கும் வாசனையில் விழித்தான். ரூபினி அடுப்படியில் நின்று சிரித்தாள். கன்னத்தில் சிவப்பு ஏறியிருந்தது. “ராத்திரி முழுக்க புள்ள ஒதைக்குதுங்க! தூங்க விடல, ஐயோ அலமாக்!” அவனுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்திருக்க வேண்டும். அவன் ஹாலுக்கு ஓடினான். சுவிட்ச் போட்டபடியே இருந்தது. போனில் நான்கு.

பாலத்துக்கு நடுவில் அது செத்தது. இதுதான் கடைசி வார்னிங் என்றான் சூப்பர்வைசர்.

சாயங்காலம் ரூபினி நேரத்தோடு தூங்கிப்போனாள். ஹேமநாதன் அறை வாசலில் போனைக் கையில் பிடித்தபடி நின்றான். பைத்தியக்காரத்தனம், போனாவது மனுஷியிடமிருந்து எடுப்பதாவது என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தான். அப்படி நிஜமாகவே நம்பியிருந்தால் எதற்கு அவ்வளவு நேரம் நின்றான்? எதற்கு மூச்சை அடக்கிக்கொண்டு, அவள் விழித்துவிடக் கூடாதென்று பூனை மாதிரி நடந்தான்? ஒரே ஒரு நாள், நாளைக்கு எப்படியாவது பேட்டரியை மாற்றிவிடலாம் என்று முணுமுணுத்துக்கொண்டு, போனை அவள் வயிற்றோரம் வைத்தான். ஒயரைக்கூடச் செருகவில்லை. தெரிந்தேதான் வைத்தான், பாவி.

நூறோடு எழுந்தான். கேட் திறந்தது. சூப்பர்வைசர் தலையசைத்தான். சாப்பாட்டு நேரத்தில் ரூபினியைக் கூப்பிட்டான், எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டான். சாயங்காலம் வரை, பாலத்தில் மழையில் நனைந்துகொண்டும், கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். கூப்பிடக் கூப்பிட பேட்டரி இறங்கியது.

தாமான் குடியிருப்பில் ஒரு வீட்டிலும் ஆள் இல்லை. எல்லாரும் இன்னும் பாலத்தில்தான். கிரில் கேட்டுகளில் பூட்டுகள் மழையில் நனைந்து தொங்கின. உள்ளே ஓடினான். அதே கட்டில், அதே பக்கம். உதடு வெளுத்திருந்தது. மூச்சு இருந்தது, நூலளவு. பக்கத்தில் கிடந்த அவளுடைய போன் உயிரில்லாமல் கறுத்திருந்தது.

தன்னுடையதில் இரண்டு இருந்தது. ஆம்புலன்சுக்கு அடித்தான்.

“லைன வைக்காதீங்க, என்சிக்,” என்று மலாயில் மரியாதையாகச் சொன்னது ஒரு பெண் குரல். “அட்ரஸ் சொல்லுங்க.”

வாயைத் திறந்தான். திரையைப் பார்த்தான்.

ஐந்து.

ஒன்பது.

ரூபினியின் தொண்டைக்குழி உள்வாங்கியது. அவன் பின்னால் நகர்ந்தான். வாசலில் எண் நின்றது. ஹாலுக்குப் பாய்ந்தான். ஆறு. மூன்று. ஒன்று.

“என்சிக், சத்தம் கேக்கல... அட்ரஸ்...”

குரல் அறுந்தது. வேறு வழியில்லை. திரும்ப ஓடினான். அவள் பக்கத்தில். கட்டிலுக்குப் பக்கத்தில். குரல் தெளிந்தது. அட்ரஸைச் சொன்னான். தெருவைச் சொன்னான். அந்தப் பெண் திருப்பிக் கேட்டாள். மறுபடி சொன்னான். ஒவ்வொரு சொல்லுக்கும் ஏறியது.

நாற்பது.

“ஆம்புலன்ஸ் கெளம்பிருச்சு. லைன்லயே இருங்க. மூச்சு இருக்கா?”

எழுபது. ரூபினியின் விரல் நகங்கள் நீலமாகின.

“மூச்சு இருக்கா, என்சிக்?”

ஜன்னலைத் திறந்து போனை வீசினான். சிமெண்டில் பட்டு நொறுங்கியது. திரை வெளிச்சம் போனது. மழைச் சத்தம் மட்டும்.

“ரூபினி. ரூபிம்மா. தூக்கிப் போட்டுட்டேன். பாரு. இனிமே இல்ல.”

அவள் பார்க்கவில்லை. ஹேமநாதன் மண்டியிட்டு வயிற்றின்மேல் உள்ளங்கையை வைத்தான். ஒன்றுமில்லை. ஐயோ, சாமி. கையை அழுத்தினான்.

உள்ளே அசைந்தது.

அசைந்தது! அழுதுவிட்டான். “இருக்குடி! உசிரு இருக்கு!”

மறுபடி அசைந்தது. உதை இல்லை. முழு வயிறும் ஒரே சீராக, தோலுக்கடியில் உறுமுகிறது. நிற்கிறது. அதே அளவு இடைவெளி விட்டு மறுபடி உறுமுகிறது. சத்தத்தை அணைத்துவைத்த போனுக்கு அழைப்பு வந்தால் மேசைமேல் எப்படி அதிருமோ, அப்படி.

கையை எடுக்கப் பார்த்தான். விரல்கள் மரத்திருந்தன. குளிர் மணிக்கட்டைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தது. கண் இருட்டியது. அவனுடைய கைக்கடியில், ரூபினியின் வயிறு, சார்ஜ் ஏறும் திரைபோல, கொஞ்சம் கொஞ்சமாக வெளிச்சமானது.