பதின்மூன்றாவது உறை

அந்த மே மாதம் முழுக்க மழை. செக் நாட்டின் ஜாட்டெட்ஸ் ஊரில், பீருக்குக் கசப்பு தரும் ஹாப்ஸ் கொடியை வளர்க்கிற யார் முகத்திலும் சிரிப்பில்லை. ஈரம் நின்றால், இலையின் அடிப்பக்கம் சாம்பலாய்ப் பூக்கிற அடிச்சாம்பல் நோய் வரும்; காற்றிலேயே பரவும். போன வருடம் பக்கத்துத் தோட்டம் மொத்தமும் அதில்தான் போனது.

பத்து வயது யிட்காவுக்கு வேறொரு கவலையும் இருந்தது. வாசல் வேலியில் படர்ந்த கொடி அம்மா நட்டது. அம்மா இறந்து இரண்டு குளிர்காலம் ஆகிவிட்டது. ஏப்ரலில் அந்தக் கொடியின் அடியில் வெளிறிய குட்டைத் தளிர் ஒன்று முளைத்தது. நோய்க்கு அதுதான் முதல் அடையாளம். அப்பா பார்த்தால் கொடியையே பிடுங்கிவிடுவாரே! யிட்கா அதைக் கிள்ளி எறிந்துவிட்டு வாயே திறக்கவில்லை. இப்போது கொடி பச்சைப்பசேலென்று இருந்தது.

அன்று ஆய்வகத்திலிருந்து டாக்மார் அக்கா வந்தாள். தோட்டத்தின் பன்னிரண்டு வரிசைக்கும் பன்னிரண்டு காகித உறைகளில் இலை பறித்துப் போட்டாள்.

“இலை நல்லாத்தானேக்கா இருக்கு?” என்று கேட்டாள் யிட்கா.

“நோய் உள்ள ஒளிஞ்சிருந்தா கண்ணுக்குத் தெரியாது பாப்பா. அந்தக் கிருமிக்குன்னு ஒரு மரபணு இருக்கு. எங்க மெஷின் அதைத் தேடிப் பிடிச்சிரும்.”

அப்பா வாசல் கொடியைக் காட்டவே இல்லை. யிட்கா சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் காற்று வாசலிலிருந்து தோட்டத்துப் பக்கம்தான் வீசிக்கொண்டிருந்தது. அக்கா வண்டியைக் கிளப்பும்போது யிட்கா ஓர் இலையைப் பறித்துக்கொண்டு ஓடினாள்.

“இதையும் பாருங்கக்கா.”

நான்கு நாள் கழித்து ஃபோன் வந்தது. பன்னிரண்டு உறையிலும் நோய் இல்லை. பதின்மூன்றாவதில் இருந்தது.

பதின்மூன்றாவது எது என்று அப்பா கேட்டார். யிட்கா அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். நல்ல திட்டு விழும் என்று நினைத்தாள்.

அப்பா அவள் கண்ணைத் துடைத்துவிட்டார். பிறகு, “அந்தத் தளிர நானும் பார்த்தேன் கண்ணு. மறுநாள் போனா காணோம். அப்பாடான்னு இருந்துட்டேன். அதைப் பிடுங்க எனக்கும் மனசு வரல” என்றார்.

இருவரும் சேர்ந்து தோண்டினார்கள். வேர் ஆழமாகப் போயிருந்தது. மதியம் வரை மழையில் நனைந்தபடி தோண்டி, கொடியை வேரோடு எடுத்துக் கொட்டகையில் எரித்தார்கள். அப்பாவும் அழுதார். புகை என்று பொய் சொல்லவில்லை.

“மூணாவது வரிசை யாரு நட்டது தெரியுமா?” என்று கேட்டார். “உங்கம்மாதான். உன்னை முதுகுல கட்டிக்கிட்டு நட்டா.”

யிட்கா மூன்றாவது வரிசைக்குப் போய் ஓர் இலையைப் புரட்டிப் பார்த்தாள். அடிப்பக்கம் சுத்தமாக இருந்தது.