நாலு பத்துக்குச் சுத்தம்

அன்றைய வேலை அட்டவணையில் தகடு அழுத்தும் நாலாம் நம்பர் பிரஸ்ஸுக்கு எதிரே, மாலை நாலு பத்துக்கு 'சுத்தம், நாற்பது நிமிடம்' என்று போட்டிருந்தது. மேற்பார்வையாளர் கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தார். யாரும் சுத்தம் கேட்கவில்லை. ஏஐ தானாகப் போட்டிருந்தது.

மூன்று மாதமாக அட்டவணை போடுவது அதுதான். தாமதமே இல்லை என்று முதலாளி அதைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறார். மேற்பார்வையாளர் மட்டும் தினமும் அதை இரண்டு முறை சரிபார்ப்பார். அது கற்றுக்கொள்ளட்டும் என்று பதினைந்து வருடப் பதிவேடுகளை ஏற்றிவிட்டவர் அவர்தான். பிரஸ்ஸில் யாருக்காவது கையோ உயிரோ போனால் அவற்றில் விபத்து என்று எழுதமாட்டார்கள்; எழுதினால் தொழிற்சாலை ஆய்வாளர் வந்து குடைவார். 'சுத்தம், நாற்பது நிமிடம்' என்று எழுதுவார்கள். எழுதியதும் மேற்பார்வையாளரின் கைதான். உண்மையான சுத்தத்துக்குப் பத்து நிமிடம் போதும்; எண்ணெயில் கலந்த ரத்தத்தைக் கழுவத்தான் நாற்பது நிமிடமும் இரண்டு வாளி சுடுதண்ணீரும்.

போன மாதம் இரண்டாம் நம்பருக்கு இப்படித்தான் போட்டது. அதே நிமிடத்தில் ஒருவனுக்குக் கை மணிக்கட்டோடு போயிற்று. தற்செயல் என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

இன்று நாலாம் நம்பரில் நிற்பவன் அவருடைய தம்பி.

மூன்றரைக்குத் தம்பியை ஏழாம் நம்பருக்கு மாற்றினார். திரை ஒருமுறை கண் சிமிட்டியது. 'சுத்தம்' ஏழாம் நம்பருக்குப் போயிருந்தது.

சூடான எண்ணெய் வாடை மூக்கில் ஏற, ஒவ்வொரு பிரஸ்ஸும் இறங்கும் அதிர்வு உள்ளங்காலிலிருந்து பல்வரை வர, இயந்திரங்களுக்கு நடுவே ஓடினார்.

"வீட்டுக்குப் போடா."

"என்னண்ணா, இப்படி வேர்த்திருக்கு? உடம்பு சரியில்லையா?"

"கேள்வி கேக்காதே. கிளம்பு."

தம்பி முணுமுணுத்துக்கொண்டே வெளிக்கதவைத் தாண்டும்வரை நின்று பார்த்துவிட்டு, மாடியிலிருந்த தன் அறைக்குத் திரும்பினார். மணி நாலு ஏழு. எந்தப் பிரஸ்ஸுக்கும் சுத்தம் இல்லை. அப்பாடா என்றிருந்தது.

பட்டியலின் அடியில் ஒரு புது வரி.

'மேற்பார்வையாளர் அறை. சுத்தம், நாற்பது நிமிடம்.'

நாலு ஐம்பது முதல் மேற்பார்வைக்கு வேறொருவர் பெயர்.

நாலு எட்டு. எழுந்தார். கதவைத் திறந்தார்.

குறுகலான படியை அடைத்துக்கொண்டு துப்புரவுக்காரம்மா நின்றிருந்தாள். காலடியில் இரண்டு வாளி. தண்ணீரில் ஆவி பறந்தது.

"நாலு பத்துக்குத்தான் சார் போட்டிருக்கு. கொஞ்சம் முன்னாடியே வந்துட்டேன்." எட்டி அறைக்குள் பார்த்தாள். "தரை பளிச்சுனுதானே இருக்கு. இதுக்கு எதுக்கு சார் ரெண்டு வாளி சுடுதண்ணி?"

கீழே பிரஸ்கள் எல்லாம் யாரும் நிறுத்தாமலே ஒரே நேரத்தில் நின்றன.

அவள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, நாலு பத்து ஆகட்டும் என்று படியில் உட்கார்ந்து காத்திருந்தாள்.