நிகரி ஊரை விட்ட நாள்

அஞ்சுகத்தின் நிகரி பதினோராம் ஆண்டில் நாட்டை விட்டுப் போய்விட்டாள். ஆகவே அஞ்சுகத்துக்கு நிரந்தர வாழுரிமை கிடையாது. கடிதத்தில் இவ்வளவுதான் இருந்தது. கீழே குடியேற்றத் துறையின் முத்திரை. அதற்கும் கீழே, தங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி என்று ஒரு வரி.

நிகரி என்பவள் ரத்தமும் சதையும் உள்ளவள் அல்ல. விண்ணப்பதாரரின் தலையில் முப்பத்தொரு நாள் கவசம் மாட்டி, பயம், பிடிவாதம், ஆசை, கோபம் எல்லாவற்றையும் உருவி எடுத்து, முன்னோட்டகம் என்ற எந்திரத்துக்குள் உருவாக்கும் மனப்பிரதி. அந்த எந்திரத்துக்குள் ஊரும் தெருவும் மனிதர்களும் அச்சு அசலாக இருக்கிறார்கள். அங்கே நிகரிக்கு வாழுரிமை கொடுத்துக் குடிவைத்து, இருபது ஆண்டுகளை மூன்றே நாளில் ஓட்டிப் பார்ப்பார்கள். இருபது ஆண்டும் தங்கினால் வெளியே இருப்பவருக்கு வாழுரிமை. நடுவில் கிளம்பிவிட்டால் 'நிலையாதார்' என்று முத்திரை. சிபாரிசு இல்லை, லஞ்சம் இல்லை, அதிகாரியின் முகச்சுளிப்பு இல்லை. இதைவிட நியாயமான முறை உலகத்திலேயே இல்லை என்று வெண்கரை நாட்டில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக்கூடப் பாடம் வைத்திருக்கிறார்கள். செய்யாத குற்றத்துக்குத் தண்டனை கொடுப்பதை முன்பெல்லாம் வேறு பெயர் சொல்லி அழைத்தார்கள்.

அஞ்சுகம் நெய்வேலிக்காரி. ஒன்பது வருடங்களாக வெண்கரையின் கெல்வா நகரத்தில் வெந்நீர்க் குழாய்களுக்கு வெல்டிங் வைக்கிறாள். வருடத்தில் எட்டு மாதம் பனி மூடிக் கிடக்கும் ஊர் அது. நிலத்தடி வெந்நீர் வீடு வீடாக ஓடினால்தான் ஜனங்கள் உயிரோடு இருக்க முடியும். குழாய் வெடித்தால் ஆறு மணி நேரத்துக்குள் அடைத்தாக வேண்டும். மைனஸ் முப்பத்தெட்டில் குழிக்குள் மல்லாந்து படுத்து வெல்டிங் வைக்க வெண்கரைக்காரர் ஒருவரும் முன்வரவில்லை. நகரத்தில் பத்தொன்பது வெல்டர்கள். பத்தொன்பது பேரும் வெளிநாட்டார்.

வாழுரிமை வந்தால்தான் ஊரில் இருக்கும் கணவன் குமரவேலையும் மகள் இளவேனிலையும் அழைத்துக்கொள்ள முடியும். ஒன்பது வயதில் விட்டுவிட்டு வந்த மகளுக்கு அடுத்த மாதம் பதினெட்டு முடிகிறது. முடிந்துவிட்டால் அவள் 'பிள்ளை' இல்லையாம், தனி ஆளாம். அதன் பிறகு அம்மாவோடு சேர்த்து அவளுக்கு அனுமதி கேட்க முடியாது. பெற்ற வயிற்றைக் கேட்காமலே சட்டம் போட்ட கணக்கு இது.

மறுநாள் காலை முதல் ஆளாகப் போய் மேல்முறையீட்டு மேசையின் முன் நின்றாள். அங்கே இருந்த அதிகாரியின் பெயர் சிவரூபன். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். அவனுடைய தாத்தா யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். எந்திரமெல்லாம் வருவதற்கு முன்பு, ஒரு பக்கப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் குடியேறியவர். பேரன் இங்கேயே பிறந்தவன்.

"அக்கா, எனக்கு விளங்குது. ஆனா நிகரி போனால் போனதுதான். என்னால ஒண்டும் செய்யேலாது."

"அவ போனதுக்கு நான் என்ன பண்ணுவேன்? நான் போகலையே. ஒம்பது வருஷமா இங்கதான கெடக்கறேன்."

"நிகரி வேற, நீங்கள் வேற இல்லை அக்கா. நீங்கள் என்ன செய்வீங்களோ, அதைத்தான் அவவும் செய்வா."

"சரி, ஏன் போனா? அதையாவது சொல்லுங்க."

"அது அறிக்கையில வராது. போன திகதி மட்டும்தான் வரும்."

அஞ்சுகத்துக்கு உள்ளங்காலிலிருந்து ஏறியது ஆத்திரம். அவள் சட்டத்தை வரி விடாமல் படித்துவிட்டு வந்திருந்தாள். நான்காம் உட்பிரிவில் 'காரணம் காணும் உரிமை' என்று ஒன்று இருந்தது. நிகரியின் வாழ்வில் ஏதாவது ஒரு மணி நேரத்தை விண்ணப்பதாரர் பார்க்கலாம்; அதிகாரி உடனிருக்க வேண்டும்.

"இதுவரைக்கும் ஒருத்தரும் கேக்கேல்லை" என்றான் சிவரூபன்.

"நான் கேக்கறேன். அவ கெளம்பின அந்தக் கடைசி ஒரு மணி நேரம்."

சின்ன அறை. சுவர் முழுக்கத் திரை. அதில் கெல்வாவின் நடுச்சதுக்கம் தெரிந்தது. வெடித்த குழாயிலிருந்து வழிந்த நீர் தெருவெல்லாம் பாறையாக உறைந்து கிடந்தது. வரிசையாகப் பேருந்துகள். கெல்வா நகரம் இன்றோடு மூடப்படுகிறது, அனைவரும் வெளியேறவும் என்று ஒலிபெருக்கி திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது.

நிகரியின் தலை பாதி நரைத்திருந்தது. இளம்பெண் ஒருத்தியைப் பேருந்தில் ஏற்றிவிட்டுக்கொண்டிருந்தாள். பெண்ணின் இடுப்பில் பனித்தொப்பி போட்ட குழந்தை. அந்தப் பெண் திரும்பியபோதுதான் அஞ்சுகத்துக்குத் தெரிந்தது, அது இளவேனில். பார்த்தவளுக்கு அழுகை வரவில்லை. மகளையும் கொடுத்து, பேரப்பிள்ளையையும் கொடுத்து, எல்லாவற்றையும் ஒரு பொம்மைக்கு அனுபவிக்கக் கொடுத்திருக்கிறார்களே பாவிகள் என்று வயிறு எரிந்தது.

"மத்தவங்கள்ளாம் எங்க?" என்று கேட்டாள். "என்கூட வெல்டிங் வைக்கற ஜோசுவா, மிங், ஃபாத்திமா. குழாயப் பாக்க ஏன் ஒருத்தர்கூட இல்ல?"

சிவரூபன் பதிவேட்டைப் புரட்டினான். அவன் குரல் இறங்கியது.

"மற்றப் பதினெட்டு பேருக்கும் மறுப்பு, எந்திரத்துக்கையும் வெளியிலயும். எந்திரம் ஒவ்வொரு ஆளாத்தான் ஓட்டிப் பாக்கும். உங்களை ஓட்டேக்க மற்றவைக்கெல்லாம் இல்லை எண்டு எடுக்கும்."

"அவங்கள ஓட்டறப்ப?"

"உங்களுக்கு இல்லை எண்டு எடுக்கும்."

"அப்போ பத்தொம்பது பேர் வேலைய ஒருத்தி தலையில கட்டியிருக்கீங்க. பதினோரு வருஷம் தாக்குப்பிடிச்சிருக்காளே, அவ கால்ல விழுந்து கும்பிடணும்டா நீங்கள்ளாம்."

திரையில் பேருந்துகள் ஒவ்வொன்றாகப் போயின. நிகரி மட்டும் நிலவறைக்குள் இறங்கினாள். முதன்மைக் குழாயின் வால்வை இரண்டு கையாலும் திருகி மூடினாள். மேலே வந்து கடைசிப் பேருந்தில் கடைசி ஆளாக ஏறினாள். திரையின் ஓரத்தில் எழுத்து ஒளிர்ந்தது. நிரந்தர வெளியேற்றம்: ஒருவர்.

"ஒருத்தரா? ஊரே போயிருக்கு, ஒருத்தரா?"

"குடிமக்கள் போனால் அது இடமாற்றம், அக்கா. அதை நாங்கள் எண்ணுறதில்லை."

நிகரிக்குப் பக்கத்து இருக்கையில் காதோரம் நரைத்த ஓர் ஆள், மடியில் படிவத்தை வைத்துக்கொண்டு விழித்துக்கொண்டிருந்தான். பக்கத்து நாட்டின் குடியேற்றப் படிவம். நிகரி அவன் பக்கம் சாய்ந்தாள்.

"தம்பி, பத்து வருஷத்துல எங்கெங்க இருந்தீங்களோ எல்லாத்தையும் எழுதுங்க. நடுவுல ஒரு மாசம்கூட விட்றாதீங்க. அந்த மாசம் என்ன பண்ணினன்னு கேட்டே சாகடிப்பாங்க."

"அக்கா, என்னையும் நிகரி எடுப்பினமோ?"

"எடுக்காம? உங்க ஊரு எந்திரத்தத்தான அவங்களும் வாங்கியிருக்காங்க."

அறைக்குள் இருந்த சிவரூபன் தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நிப்பாட்டுங்கோ."

"இன்னும் பதினாலு நிமிஷம் இருக்கு. என் உரிமை. உக்காருங்க."

உட்கார்ந்தான். பதினான்கு நிமிடமும் திரையில் நிகரி அவனுக்குப் படிவம் நிரப்பக் கற்றுக்கொடுத்ததைப் பார்த்தான்.

திரை அணைந்ததும் மளமளவென்று தட்டச்சு செய்தான். மறுப்பை ரத்து செய்யவும், பத்தொன்பது பேரையும் சேர்த்து ஓட்டிப் பார்க்கவும் என்று பரிந்துரை அனுப்பினான். இரண்டு நிமிடத்தில் பதில் வந்தது. சேர்த்து ஓட்ட விதியில் இடமில்லை. பரிந்துரைத்தவரே அந்த ஓட்டத்தில் தோன்றுவதால் பரிந்துரை செல்லாது. தவிர, அவர் பதினோராம் ஆண்டில் நாட்டை விட்டுப் போவது இன்றைய பார்வையில் பதிவாகியுள்ளது; குடிமகனே ஆனாலும், நிலையாதார் அரசுப் பணியில் தொடர இயலாது. அடையாள அட்டையை வாசலில் ஒப்படைக்கவும்.

"நான் இங்கதானே பிறந்தனான்" என்றான் சிவரூபன், யாரிடம் என்று தெரியாமல்.

அஞ்சுகத்தின் மனம் இளகவில்லை. இளகியிருந்தால் பெருந்தன்மையாக இருந்திருக்கும். ஆனால் பதினெட்டு பேருக்கு மறுப்பு அனுப்பிய கை அது. தனக்கு வந்தால்தான் தெரியும் தலைவலியும் காய்ச்சலும் என்று நினைத்துக்கொண்டு, மேலங்கியை எடுத்து மாட்டினாள்.

வாசலைத் தாண்டும்போது கைபேசி அடித்தது. குழாய்க் கட்டுப்பாட்டு அறையிலிருந்து மேற்பார்வையாளர், மூச்சிரைக்கப் பேசினார். வடக்குத் தெருவில் முதன்மைக் குழாய் வெடித்துவிட்டது. அந்தக் குழாயில்தான் குடியேற்றத் துறைக் கட்டடமும் அதிகாரிகள் குடியிருப்பும் இருக்கின்றன. ஜோசுவா போன வாரமே விமானம் ஏறிவிட்டான், மிங்கும் மற்றவர்களும்கூட இல்லை. உடனே வர முடியுமா?

மறுப்புக் கடிதம் வந்த நிமிடமே என் வேலை அனுமதி முடிந்துவிட்டது என்று வெண்கரை மொழியில் நிதானமாகச் சொன்னாள் அஞ்சுகம். அதையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம், ஊரே விறைத்துப் போய்விடும், வேறு யாரைத்தான் கூப்பிடுவது என்று அவர் கெஞ்சினார்.

"என் நிகரியைக் கூப்பிடுங்கள்" என்றாள். "அவள் இன்னும் பதினோரு வருடம் அங்கேதான் இருப்பாள்."