ஜல தரு பாஷாணம்

சம்மன் கோகிலமணிக்கு வரவில்லை; அவளுடைய கிணற்றுக்கு வந்தது. காலையில் ஒரு பறவூர்தி தென்னந்தோப்புக்குள் இறங்கி, கிணற்று மேட்டில் ஓர் உலோகத் தகட்டை ஒட்டிவிட்டுப் போயிருந்தது. ‘நீர்வாய் எண் 40718, ஆஜராகவும்’ என்று அதில் பொறித்திருந்தது.

“கெணறு எப்படி கோர்ட்டுக்கு நடந்து போகும்?” என்று அவள் தகட்டைப் பார்த்தே கேட்டாள்.

தகட்டுக்குப் பேசவும் தெரிந்திருந்தது. “உரிமை கோருபவர் உடன் வரலாம்” என்றது.

கிண்டலாகக் கேட்டுவிட்டாலும், தகட்டில் புவிநீர் மன்றத்தின் முத்திரையைப் பார்த்ததும் அவள் பத்திரப் பெட்டியைத் தேடிப் போனாள். அந்த மன்றம் வந்து முப்பது வருடங்கள் ஆகின்றன. அதனால் நன்மை எதுவும் நடக்கவில்லை என்று அதன் எதிரிகூடச் சொல்ல முடியாது. வற்றிய ஆறுகள் கோடையிலும் கடலைத் தொட்டன. மறந்துபோன ஊற்றுகள் திரும்ப வந்தன. நூற்றுத்தொண்ணூறு நாடுகள் கையெழுத்திட்ட அதன் சட்டத்துக்கு முதல் வரி இதுதான்: ‘நிலத்தடி நீர் மனித குலம் அனைத்துக்கும் பொது.’ இருநூறு அடிக்குக் கீழே போகும் எந்தக் குழாய்க்கும் முத்திரை விழும். தாராபுரம் வட்டத்தில் மிச்சமிருந்தது கோகிலமணியின் எண்ணூறு அடிக் குழாய் ஒன்றுதான்.

அதை மூடினால் நானூறு தென்னைகளும் ஒரு கோடையைத் தாண்டாது. எல்லாம் அவள் கையால் குழி வெட்டி நட்டவை. எந்த மரத்தில் எப்போது பாளை விட்டது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாள். அவளுக்குப் பெற்ற பிள்ளை இல்லை என்பதை ஊர் பேசும்; அவள் தோப்பைக் காட்டிவிட்டுப் போய்விடுவாள்.

நீதிமன்றக் கட்டடத்தில் மராமத்து நடந்ததால் விசாரணை ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. மணவறை போடுகிற மேடையில் நடுவர்கள் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். வாசலில் முந்தின நாள் முகூர்த்தத்தின் வாழைமரங்கள் வாடாமல் நின்றன.

மன்றத்தின் வக்கீல் நல்ல மனிதர்தான். “நீங்க உறிஞ்சினா பக்கத்து ஊர் காயுது, அம்மா. பூமிக்குள்ள ஓடற தண்ணிக்கு வரப்பு போட முடியுமா?” என்று தன்மையாகவே கேட்டார்.

கோகிலமணி மஞ்சள் பையிலிருந்து கிரயப் பத்திரத்தை எடுத்தாள். நூற்றைம்பது வருடத்துப் பத்திரம். மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாசித்தாள்: “நிதி நிட்சேப ஜல தரு பாஷாண சகிதமாய், தாங்களே புத்திர பௌத்திர பாரம்பரியமாய், சந்திர சூரியர் உள்ளவரை ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது.”

வாசித்துவிட்டு நிமிர்ந்தாள். “ஜலம்னு போட்டிருக்குதுங்களா? தண்ணியும், மரமும், கல்லும் சேத்தித்தானுங்க வித்திருக்குறாங்க. வானத்துக்கு நான் வரப்பு போடலீங்க. என்ற தோட்டத்துல விழுந்ததுக்கு அப்புறம் அந்த மழை ஆருதுங்க? அது மண்ணுக்குள்ள எறங்கிப்போட்டா என்றதில்லீன்னு ஆயிருமா? என்ற மாடு அடுத்தவன் காட்டுக்குள்ள போனா, அது அவன் மாடாயிருமுங்களா?”

மண்டபத்தில் கைதட்டல் எழுந்தது. நடுவர்களில் ஒருவர் சிரிப்பை மறைக்கக் குனிந்துகொண்டார்.

பதினோராம் நாள் தீர்ப்பு வந்தது. ‘பத்திரம் செல்லும். ஜலம் என்ற சொல்லும் செல்லும், பாரம்பரியம் என்ற சொல்லும் செல்லும். ஒருவர் நிலத்தில் விழுந்த மழை அவருடையது. அது பூமிக்குள் எங்கே போனாலும் அவருடையதே. அவருக்குப் பின் அவருடைய வாரிசுகளுடையது.’ புவிநீர் மன்றம் மேல்முறையீடு செய்து பார்த்தது. மேல் நீதிமன்றமான தலைமை ஆயமும் அதையே உறுதிசெய்ததால், தாராபுரத்துத் தீர்ப்பு நூற்றுத்தொண்ணூறு நாடுகளுக்கும் சட்டமானது. ஊரில் வெடி வெடித்தார்கள். எந்தெந்த நாட்டு விவசாயிகளோ கோகிலமணியின் படத்தைத் தூக்கிக்கொண்டு ஊர்வலம் போனார்கள். வரப்புத் தகராறில் பதினான்கு வருடமாகப் பேச்சை நிறுத்தியிருந்த பங்காளி பொன்னுரங்கம்கூட, வேலிக்கு அந்தப் பக்கம் நின்று ஒரு சரவெடி கொளுத்தினார். பேசத்தான் இல்லை.

குழாய்க்கு அனுமதி கிடைக்குமுன் ஒரே ஒரு சடங்கு பாக்கி இருந்தது. எந்தத் துளி யாருடையது என்று சான்று வேண்டும். அதற்கு மன்றத்திலிருந்து ஜெசிந்தா வந்தாள். நாகர்கோவில்காரி, நீரியல் படித்தவள். சோற்றுக் குண்டா அளவில் ஓர் இயந்திரத்தைக் கொண்டுவந்து கிணற்று மேட்டில் வைத்தாள். அதன் பெயர் துளிநோக்கி.

“ஒவ்வொரு மழைக்கும் எடை கொஞ்சம் வேற வேறயா இருக்கும்மா. எந்தக் கடல்ல இருந்து வந்துச்சு, எந்தக் குளிர்ல விழுந்துச்சு, எந்தப் பாறையைத் தொட்டுச்சு, எல்லாம் தண்ணிக்குள்ளேயே தங்கிடும். இது அதைப் படிக்கும்.” பிறகு பையிலிருந்து ஒரு கண்ணாடியை எடுத்து நீட்டினாள். “இது அடிநிலக் கண்ணாடி. பாறைக்குள்ள ஒலி அனுப்பி, துளிநோக்கி படிச்சதைப் படமா காட்டும். போட்டுட்டு உக்காந்துக்கோங்க. நின்னுட்டுப் பாத்தா சிலருக்குத் தலை சுத்தும்.”

“எனக்கென்ன தலை சுத்தறது?” என்று நின்றபடியே மாட்டிக்கொண்டாள் கோகிலமணி. அடுத்த நொடி தென்னையைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

காலடியில் தரை இல்லை. வேர்கள் தெரிந்தன, வேர்களுக்குக் கீழே செம்மண், அதற்கும் கீழே பாறை. பாறை முழுக்க விரிசல்கள். ஒவ்வொரு விரிசலிலும் தண்ணீர் ஒளியாக நகர்ந்தது. அவள் நினைத்திருந்ததுபோல் அது தேங்கிக் கிடக்கவில்லை, போய்க்கொண்டிருந்தது. வருடத்துக்குப் பத்தடி, நூறடி என்று, அவசரமே இல்லாமல், மேற்கு மலையிலிருந்து கிழக்கே கடலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. பச்சை ஒளி போன வருட மழை. மஞ்சள், அவள் தாத்தா காலத்தது. எண்ணூறு அடி ஆழத்தில், எல்லாவற்றுக்கும் கீழே, கருநீலமாக ஒன்று கிடந்தது. அது கண்ணுக்குத் தெரிகிற எல்லாத் திசையிலும் பரந்திருந்தது, ஊரைத் தாண்டி, அமராவதி ஆற்றைத் தாண்டி, அவள் பார்வை முடிகிற இடத்தையும் தாண்டி.

“அது என்னது கண்ணு, அந்த நீலம்?”

“ஒன்பதாயிரம் வருஷத்துக்கு முந்தின மழைம்மா.”

கோகிலமணிக்குக் கண் நிறைந்துவிட்டது. ஏன் அழுகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. நெல்லுக்கு நெல் என்று பெயர் வைக்குமுன் பெய்த மழை அது. அதைத்தான் இத்தனை வருடமாகப் பொத்தானை அழுத்தி மேலே இழுத்து, பாத்தியில் விட்டு, ‘இன்னைக்குத் தண்ணி கொஞ்சம் கலங்கலா இருக்குது’ என்று குறை சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள்.

“இதுல என்றது எது அம்மிணி?” என்று கடைசியில் கேட்டாள்.

ஜெசிந்தா கிழக்கே கையைக் காட்டினாள். கோகிலமணியின் தோப்பில் விழுந்த மழை பச்சைக் கோடாக இறங்கி, வேலியைத் தாண்டி, நேராகப் பொன்னுரங்கத்தின் கிணற்றுக்குள் போய்க்கொண்டிருந்தது. அவளுடைய கிணற்றுக்கு வருவதோ மேற்கிலிருந்து. ஒரு பள்ளிவாசல் முற்றம், ஒரு பள்ளிக்கூட மைதானம், பேருந்து நிலையத்துக் கூரை, யார் யாருடைய விளைநிலங்களோ. மொத்தம் மூவாயிரத்து நூற்றுப் பதினாறு பேர். பத்தில் கிட்டத்தட்ட ஆறு பங்கு அவர்களுடையது. மீதி நான்கு பங்கு நீலம். ஒரு குடம் எடுத்தால் அதில் அவளுடையது ஒரு மடக்குத் தேறலாம்.

“உங்க தீர்ப்புப்படி, அவங்க எல்லாரும் சம்மதிக்கணும்மா. முப்பது நாள் கெடு. பதில் சொல்லலைன்னா சம்மதம்னு அர்த்தம். ஒருத்தர் மறுத்தாலும் குழாய் திறக்காது. அதுவரைக்கும் பூட்டு.”

“அந்த நீலத்துக்கு ஆரு சம்மதிக்கோணும்? அப்ப இங்க ஆரு இருந்தா?”

“அதைத்தான் தலைமை ஆயம் யோசிச்சுது. பாரம்பரியம்னு நீங்கதான் வாசிச்சீங்க. ஒன்பதாயிரம் வருஷத்துக்கு முன்னாடி இருந்தவங்களோட வாரிசுகளைக் கணக்கிட்டுப் பாத்தாங்க.” ஜெசிந்தா மெல்லச் சொன்னாள். “எல்லாரும்தாம்மா. இப்ப உயிரோட இருக்கிற தொள்ளாயிரம் கோடிப் பேரும். உலகத்துல எங்க பழைய தண்ணி இருந்தாலும் அது எல்லாருக்கும் சொத்து. நீங்களும் ஒரு வாரிசு.”

கோகிலமணி தோற்கடித்த அந்த முதல் வரி, அவளுடைய பத்திரத்தின் வழியாகவே திரும்பி வந்து நின்றது.

மறுநாள், அவளுடைய சொந்த விண்ணப்பம் பதிவாகிக் கெடு தொடங்கும் முன்பே, அவள் கைப்பேசிக்கு முதல் விண்ணப்பம் வந்தது. மொராக்கோவில் இட்டோ என்ற பெண், வாதுமைத் தோப்பு, பழைய நீர் எடுக்கச் சம்மதம் கேட்கிறாள். கீழே ‘சம்மதம்’, ‘மறுப்பு’ என்று இரண்டு பொத்தான்கள். பூட்டிய மோட்டாருக்குப் பக்கத்தில், வாடத் தொடங்கிய மட்டைகளைப் பார்த்தபடி நின்றிருந்தாள் கோகிலமணி. ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

“என்ற மோட்டாரைப் பூட்டிப்போட்டு, எவளோ ஒருத்தி மோட்டாருக்கு என்னையக் கேக்கறீங்களா?” என்று மறுப்பை அழுத்தினாள். அதன் பிறகு விண்ணப்பங்கள் தூறல்போல் வந்துகொண்டே இருந்தன. அவள் எதையும் திறந்துகூடப் பார்க்கவில்லை.

பத்தாம் நாள் பொன்னுரங்கம் வாசல் படலுக்கு வெளியே வந்து நின்றார். துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்திருந்தார்.

“அம்மிணி” என்றார். பதினான்கு வருடத்தில் அதுதான் முதல் வார்த்தை. “என்ற கெணத்துல பாதி உன்ற மழையாமா. நீ வேண்டாம்னு சொல்லிப்போட்டா என்ற மஞ்சக்காடு போயிரும்.”

அவரைக் கொஞ்ச நேரம் நிற்கவைக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பச்சைக் கோடு கண்முன் வந்தது. இரண்டு பேரும் பேசாமலிருந்த பதினான்கு வருடமும் அது வேலிக்கடியில் போய்க்கொண்டேதான் இருந்திருக்கிறது.

“உள்ள வாங்கண்ணா” என்றாள். அவர் கண்ணெதிரிலேயே சம்மதத்தை அழுத்தினாள். வரப்பு வழக்கைப் பற்றி இருவருமே பேசவில்லை.

முப்பதாம் நாள் காலையில் ஜெசிந்தா வந்தாள். அதற்குள் தென்னைகளின் அடிமட்டைகள் தொங்கிப்போயிருந்தன. ஜெசிந்தா பட்டியலைத் திறந்து பார்த்தாள். இன்னொரு முறை பார்த்தாள்.

“அம்மா, ஒரு மறுப்புகூட இல்லை.”

“மூவாயிரம் பேருலயுமா?”

“தொள்ளாயிரம் கோடிப் பேர்லயும்.”

கோகிலமணி அப்படியே மேட்டில் உட்கார்ந்துவிட்டாள். அவள் முகம் தெரியாதவர்கள், தாராபுரம் எங்கே இருக்கிறது என்று அறியாதவர்கள். அவர்களில் ஒருவருக்குக்கூடவா காலையில் கோபம் வரவில்லை? ஒருவர் விரல்கூடவா தவறவில்லை? இப்படி ஒரு காரியம் உலகத்தில் நடக்குமா என்று அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. பூட்டு திறந்தது. மோட்டார் முனகி, இருமி, தண்ணீரைத் தொட்டியில் கொட்டியது. இரண்டு கையாலும் ஏந்திக் குடித்தாள். ஒன்பதாயிரம் வருட மழை நாக்கில் லேசாக இரும்பு வாசனையோடு இனித்தது.

“உலகத்துலயே முதல்ல திறந்த கிணறு உங்களுதுதாம்மா” என்றாள் ஜெசிந்தா. “நியாயமாப் பாத்தா இது ரெண்டாவதா இருந்திருக்கணும். நேத்தே ஒருத்தங்களுக்குக் கெடு முடிஞ்சுது. மொராக்கோல ஒரு அம்மா. பாவம், அவங்களுக்குத் திறக்கலை. அத்தனை கோடிப் பேர்ல ஒரே ஒரு மறுப்பு.”

“அடப் பாவமே! ஆரு கண்ணு அப்படிக் கல்மனசுக்காரி?”

ஜெசிந்தா திரையைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். “பேர் போட மாட்டாங்க. மறுத்தவங்களோட நீர்வாய் எண்தான் இருக்கும். நாற்பதாயிரத்து எழுநூற்று...” என்று தொடங்கியவள் நிறுத்திவிட்டு, கிணற்று மேட்டிலிருந்த தகட்டைப் பார்த்தாள்.

கோகிலமணியும் திரும்பி அந்தத் தகட்டைப் பார்த்தாள்.

“அதை வாபஸ் வாங்கிக்கறேன்” என்றாள் கோகிலமணி. “இப்பவே வாங்கிக்கறேன் கண்ணு.”

“வாங்கிக்கலாம்மா. ஆனா அவங்களுக்கு மறுபடியும் முப்பது நாள் தொடங்கும்.”

“வாதுமை மரம் முப்பது நாள் தாங்குமா?”

ஜெசிந்தாவுக்குத் தெரியவில்லை. கோகிலமணிக்கு வாதுமையைப் பற்றி ஒன்றும் தெரியாது. தென்னையைப் பற்றித் தெரியும். அவள் எழுந்து போய் மோட்டாரை நிறுத்தினாள். நிறுத்துவதால் மொராக்கோவுக்கு ஒரு சொட்டும் போகாது என்பது அவளுக்குத் தெரியாமலில்லை. இருந்தும் நிறுத்தினாள்.