குழலில் செம்மண்

மத்தியானம் ஒரு மணிக்கு ஷட்டரை இறக்கிவிட்டுத் திரும்பியபோதுதான் மணிமாறனுக்கு அந்த வாடை தெரிந்தது. துப்பாக்கிக் கடையில் எண்ணெய் வாடை அடிக்கும், புதுத் தோலுறையின் வாடை அடிக்கும். ஆட்டுக்கொட்டகை வாடை அடிப்பானேன்? குவைத்தின் ஃபஹாஹீல் கடைத்தெருவே ஜூன் மாத வெயிலுக்குப் பயந்து கதவடைத்துக்கொண்டு கிடக்கும் நேரம். நாலு மணிவரை ஈ காக்கை வராது. மேஜைமேல் அந்த ரைஃபிள் கிடந்தது. கேஸ் முடிந்துவிட்டது, இனி எங்களுக்கு இது வேண்டாம் என்று வாங்கினவர் வீட்டார் காலையில்தான் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். சுத்தம் பண்ணி வைக்கும்படி முதலாளி சொல்லியிருந்தார்.

அதை விற்றவன் மணிமாறன்தான். ஏழு மாதத்துக்கு முன்னால், 2005 நவம்பரில், அவன் லீவில் ஊருக்குப் புறப்பட்ட அன்று.

துப்பாக்கியைத் தொட்டே அறியாதவர் வந்தால் அந்தக் கடையில் ஒரு முறை உண்டு. எதற்கு வாங்குகிறீர்கள், எங்கே சுடுவீர்கள், வீட்டில் எங்கே பூட்டி வைப்பீர்கள் என்று கேட்க வேண்டும். தோளில் வைத்து அளவு பார்க்க வேண்டும். சின்ன ரகத்தில் ஆரம்பிக்கச் சொல்ல வேண்டும். கடைசியாக, குழலின் பின்பக்கத்தை அடைத்திருக்கும் போல்ட்டைப் பின்னுக்கு இழுத்து, தோட்டா உட்காரும் குழியைக் கண்ணால் பார்த்து, கண்ணையும் நம்பாமல் சுண்டுவிரலை விட்டுத் தடவிக் காட்ட வேண்டும். அன்றைக்கு மணிமாறனின் மனசெல்லாம் ஏர்போர்ட்டில் இருந்தது. லைசென்ஸை நீட்டி, இருப்பதிலேயே பெரியதைக் கேட்டவருக்கு எடுத்துக் கொடுத்தான். எல்லாம் கற்றுக்கொடுத்தேன் என்று தாளில் கையெழுத்தும் போட்டுவிட்டு டாக்ஸி பிடித்து ஓடினான், பாவி.

ஐந்தாம் நாள் அந்த மனிதர் துப்பாக்கியிலிருந்து தோட்டாப் பெட்டியைக் கழற்றி வைத்துவிட்டு, இனி துப்பாக்கி காலிதான் என்று துடைக்க உட்கார்ந்திருக்கிறார். குழிக்குள் ஒன்று மிச்சம் இருந்தது, வெடித்துவிட்டது. எதிரே டீ கொண்டுவந்து நின்றவர், அவருடைய ஆட்டுப்பண்ணையில் வேலை பார்த்த வேலுச்சாமி. சிவகங்கைப் பக்கம், மணிமாறனுக்குப் பக்கத்து ஊர்க்காரர். சாவுச் செய்தி போனில் வந்தபோது மணிமாறன் வேலுச்சாமியின் வீட்டில்தான் இருந்தான். அவர் இவனிடம் கொடுத்தனுப்பிய பார்சலை அவர் மனைவி கருப்பாயி அப்போதுதான் பிரித்துக்கொண்டிருந்தாள்.

கருப்பாயி அழவில்லை. "உள்ள குண்டு இருக்கா இல்லையான்னு பாக்கத் தெரியாதவனுக்கு விப்பாகளா தம்பி? சொல்லிக் குடுக்க மாட்டாகளா?"

"சொல்லிக் குடுப்பாங்கக்கா. அந்த ஆளுதான் மறந்திருப்பான்."

அவள் வாசலில் இறங்கி இரண்டு கையாலும் மண்ணை வாரி இறைத்தாள். "சொல்லாம வித்தவன் எவனோ, அவன எங்க வீட்டு மனுசன் தேடிப் போயிக் கேக்கட்டும். விடாமக் கேக்கட்டும்!" செம்மண் பறந்துவந்து மணிமாறனின் புதுச்சட்டையில் விழுந்தது. எத்தனை துவைத்தும் கறை போகவில்லை.

இப்போது அவன் துணி சுற்றிய கம்பியைக் குழலுக்குள் விட்டு இழுத்தான். சிவப்பாக வந்தது. துரு என்று நினைத்து விரலால் தேய்த்தான், நெறுநெறுவென்றது. மண். குவைத்து மணல் வெளுப்பு. இது அவன் ஊர்ப் பக்கத்துச் செம்மண், மழை பெய்து விட்டாற்போல லேசான ஈரத்தோடு. வேறு துணி போட்டான். சிவப்பு. இன்னொன்று. சிவப்பு. கண்ணாடி மேஜைமேல் ஒரு பிடி சேர்ந்துவிட்டது.

ஏசி நின்றது. ஆட்டு வாடை நெருங்கி வந்தது. மேஜைக்கு அந்தப் பக்கம், வாங்க வருகிறவர் உட்காரும் நாற்காலி கிறீச்சிட்டது. மெத்தை அமுங்கிப் பள்ளமானது. ஆள் இல்லை.

"தம்பி, நான் துப்பாக்கிக்குப் புதுசு."

வேலுச்சாமியின் குரல்.

"உள்ள காலியான்னு எப்புடித் தெரிஞ்சுக்கிறது?"

"அண்ணே... வேணும்னு செய்யலண்ணே. அன்னைக்கு எனக்கு ஃப்ளைட்டு..."

"உள்ள காலியான்னு எப்புடித் தெரிஞ்சுக்கிறது?"

அதே நிதானம். கோபத்தைவிட அதுதான் பயமாக இருந்தது.

"சுண்டுவிரல விட்டுப் பாக்கணும்ணே."

"விட்டுக் காட்டு."

ஓட நினைத்தான். கால் அசையவில்லை. கை மட்டும் அசைந்தது. அவனைக் கேட்காமலே போல்ட்டை இழுத்தது. குழியைப் பார்த்தான். கும்மிருட்டு. விரல் போனது. மண். ஈரம். அதற்கும் உள்ளே, கதகதப்பாக ஒன்று. இன்னொரு சுண்டுவிரல்.

அது வளைந்தது. அவன் விரலைக் கோத்துக்கொண்டது. இழுத்தது.

"காலியா தம்பி?"

தோட்டா அளவே இருந்த அந்தக் குழிக்குள் அவன் கை மணிக்கட்டு வரைக்கும் போயிருந்தது. குழல் முனையிலிருந்து செம்மண் நிற்காமல் கொட்டிக்கொண்டிருந்தது.