குஸ்காவில் பீஸ் இல்லை

திண்டுக்கல்லில் யாரிடமாவது பசிக்கிறது என்று சொல்லிப் பாருங்கள். பிரியாணிக் கடைக்கு வழி சொல்வார்கள். ரொம்பப் பசிக்கிறது என்றால், அதைவிடப் பெரிய பிரியாணிக் கடைக்கு வழி சொல்வார்கள். ஊர் அப்படி.

அதனால் இளவேனிலின் பள்ளியில் மாநில கேரம் போட்டி நடந்தபோது, மதியம் என்ன சாப்பாடு என்று ஒருவரும் கேட்கவில்லை. வேனிலிருந்து பெரிய அண்டாக்கள் இறங்கின. கொஞ்ச நேரத்தில் பள்ளிக்கூடம் முழுவதும் மணந்தது. ஆடிக்கொண்டிருந்தவர்களுக்குக்கூடக் காய் சரியாக விழவில்லை.

இளவேனில் ஆறாம் வகுப்பு. காலையில் ஆடிய எல்லா ஆட்டத்திலும் ஜெயித்து அரையிறுதிக்கு வந்திருந்தாள். சாப்பாட்டுக்குப் பிறகு அவளோடு மோதப் போகிறவள் புவனேஸ்வரி, கும்பகோணத்துப் பெண். இளவேனில் வயதுதான். ஆனால் ஸ்ட்ரைக்கரைச் சுண்டினால் சத்தமே வராது. காய் மட்டும் காணாமல் போகும்.

வெளியூர்ப் பிள்ளைகளுக்குப் பொட்டலம் கொடுக்கும் வேலை உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு. இளவேனிலும் அவளுடைய தோழி சுகன்யாவும் வரிசையாகக் கொடுத்துக்கொண்டே வந்தார்கள். புவனேஸ்வரி பொட்டலத்தை வாங்கவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள்.

"இதுல கறி இருக்குமா? எங்க வீட்டுல யாரும் சாப்பிட மாட்டோம்."

"சைவத்துக்குத் தனியா வச்சிருக்கோம்," என்று இளவேனில் வேறு பொட்டலத்தை எடுத்தாள். "இது குஸ்கா."

புவனேஸ்வரி குஸ்காவைக் கேள்விப்பட்டதே இல்லை. பிரியாணிச் சோறுதான், ஆனால் பீஸ் இருக்காது என்று இளவேனில் விளக்கினாள். "சைவந்தான். தைரியமாச் சாப்பிடு."

அவள் பொய் சொல்லவில்லை. அவளுடைய தம்பிக்குக் கறித்துண்டு பிடிக்காது. பிரியாணிக் கடைக்குப் போனால் அவனுக்கு மட்டும் குஸ்கா வாங்குவார்கள். "எங்க வீட்டுல இவன் ஒருத்தன் சைவம்" என்று அப்பா எல்லோரிடமும் பெருமையாகச் சொல்வார். அதைக் கேட்டு வளர்ந்த பிள்ளை வேறு எப்படிச் சொல்லும்?

கொடுத்து முடித்துவிட்டு இளவேனில் தன் பொட்டலத்தைப் பிரித்தாள். முதல் வாய் வைத்ததும் அம்மா பிரியாணி செய்வது ஞாபகம் வந்தது. அம்மா முதலில் கறியை வேகவைப்பாள். பிறகு அந்தக் கறித் தண்ணீரிலேயே அரிசியைப் போடுவாள். கறி வேறு, சோறு வேறு என்று இரண்டு சட்டி கிடையாது. இந்த அண்டாவிலும் அப்படித்தானே செய்திருப்பார்கள்? பீஸை ஒதுக்கிவிட்டுச் சோற்றை மட்டும் அள்ளினால் அது எப்படிச் சைவமாகும்?

இளவேனில் பொட்டலத்தைக் கீழே வைத்தாள். நிமிர்ந்து பார்த்தாள். புவனேஸ்வரி குழாயில் கை கழுவிக்கொண்டிருந்தாள்.

விஷயத்தைச் சுகன்யாவிடம் சொன்னாள். சுகன்யா சாப்பிடுவதை நிறுத்தவே இல்லை. "பேசாம இருடி. அவளுக்கு என்ன தெரியவா போகுது? நீ இப்பப் போயிச் சொன்னா அவ பட்டினி." கொஞ்சம் யோசித்து, "பட்டினின்னாலும் உனக்கு நல்லதுதான். கையி நடுங்கும்," என்றாள்.

இளவேனிலுக்குச் சுகன்யா மேல் கோபம் வந்தது. ஆனால் ஒரு நொடி அவளுக்கும் அந்த எண்ணம் வந்துதான் போனது. அதனால் தன் மேல் இன்னும் அதிகமாகக் கோபம் வந்தது. எழுந்து ஓடினாள். புவனேஸ்வரி முதல் கவளத்தை எடுத்துவிட்டாள்.

"சாப்பிடாத."

புவனேஸ்வரியின் கை அப்படியே நின்றது. இளவேனில் மூச்சு வாங்கிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். புவனேஸ்வரி சோற்றை இலையில் வைத்தாள். பொட்டலத்தை மெதுவாக மடித்தாள். திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

"நீதானே சைவம்னு சொன்னே?" என்று மட்டும் கேட்டாள்.

பரவாயில்லை, பிஸ்கட் இருக்கிறது என்று சொல்லிப் புவனேஸ்வரி பையைத் திறந்தாள். பஸ்ஸிலேயே பிஸ்கட் தீர்ந்துபோயிருந்தது. வெறும் கவர்தான் வந்தது. விடியும் முன்னே கும்பகோணத்தில் பஸ் ஏறியவள், அதைத் தவிர வேறு எதுவும் சாப்பிடவில்லை. தண்ணீர் பாட்டிலைத் திறந்தபோது அவள் விரல்கள் நடுங்குவதை இளவேனில் பார்த்தாள். பாவமாக இருந்தது. இதற்குத் தானே காரணம் என்பது அதைவிடக் கஷ்டமாக இருந்தது.

"எங்க அப்பா ஆட்டோ வாசல்லதான் நிக்குது. வா, நல்ல சைவ ஹோட்டலாப் போயிச் சாப்பிட்டு வருவோம்."

புவனேஸ்வரியைக் கூட்டி வந்த சார் கையில் விசிலும் கக்கத்தில் பேப்பர் கட்டுமாக அலைந்துகொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் பதறிப்போனார். இளவேனிலின் அப்பாவைக் கூப்பிட்டுப் பேசினார். பெல் அடிப்பதற்குள் வந்துவிட வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்.

அப்பா மிக்கேல்ராஜ் அப்போதுதான் பின் சீட்டில் உட்கார்ந்து பிரியாணிப் பொட்டலத்தைப் பிரித்திருந்தார். அதைப் பெருமூச்சோடு மூடி வைத்தார். "சைவ ஹோட்டலா? நம்ம ஊர்ல இல்லாததா. ஏறுங்கத்தா," என்று வண்டியைக் கிளப்பினார்.

திண்டுக்கல்லில் அவருக்குத் தெரியாத சந்து கிடையாது. ஆனால் அன்றுதான் ஒரு விஷயம் அவருக்கே தெரிந்தது. இத்தனை வருஷமாகச் சைவ ஹோட்டல் எங்கே இருக்கிறது என்று அவர் தேடிப் பார்த்ததே இல்லை.

முதலில் ஒரு பெரிய ஹோட்டலில் நிறுத்தினார். புவனேஸ்வரி இறங்கப் போனாள். இளவேனில் அவளை உட்காரச் சொல்லிவிட்டுத் தான் மட்டும் உள்ளே போனாள். ஒரு தடவை பட்டது போதாதா? சாம்பாருக்கும் கறிக்குழம்புக்கும் வேறு வேறு கரண்டியா என்று பரிமாறுகிறவரிடம் கேட்டாள். அவர் முதலில் சிரித்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, கூட்ட நேரத்தில் அதெல்லாம் பார்க்க முடியாது பாப்பா என்று உண்மையைச் சொன்னார்.

அடுத்த கடையில் வெஜ் ஃப்ரைட் ரைஸ் இருந்தது. "சுத்த சைவம். முட்டை மட்டுந்தான் போடுவோம்," என்றார் கடைக்காரர். மூன்றாவது கடை சாயங்காலம்தான் திறக்குமாம்.

அப்பா மறுபடி வண்டியைத் திருப்பினார். வழியெல்லாம் பிரியாணிக் கடைகள். ஒவ்வொன்றின் வாசலிலும் கூட்டம்.

"போதும், திரும்பிடலாம்," என்றாள் புவனேஸ்வரி. "எனக்காக நீயும் சாப்பிடலை. ஒரு டீ குடிச்சா சரியாயிடும்."

அவள் அப்படிச் சொன்னதும் இளவேனிலுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதை மறைக்க வெளியே பார்த்தாள். மணிக்கூண்டுப் பக்கம் சிக்னலுக்காக வண்டிகள் நின்றிருந்தன. பக்கத்து ஆட்டோவை ஓட்டியவர் பச்சை வேட்டி கட்டி, கழுத்தில் மாலை போட்டிருந்தார். மார்கழி மாதம். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிறவர்கள் மாலை போட்டு விரதம் இருக்கும் காலம்.

இளவேனில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, நம்ம கறி திங்கிறவகளா இருந்துக்கிட்டு நம்மளே தேடுனா எப்படிக் கிடைக்கும்? மாலை போட்டவகளும் இந்த ஊர்லதான வேலை பாக்குறாக. அவுக மத்தியானம் எங்க சாப்பிடுறாக?"

அப்பா பக்கத்து ஆட்டோக்காரரிடம் கேட்கத் திரும்புவதற்குள் வண்டிகள் நகர்ந்துவிட்டன. "நமக்குத் தெரிஞ்சவக யாரும் மாலை போட்டிருக்காகளாப்பா?" என்று இளவேனில் கேட்டாள். அப்பா யோசித்தார். பிறகு வண்டி குலுங்கும் அளவுக்குச் சிரித்தார்.

"இருக்காரு. நம்ம கறிக்கடை நல்லுசாமி."

புவனேஸ்வரி திடுக்கிட்டாள். கறிக்கடைக்கா போகப் போகிறோம் என்று அவள் கேட்பதற்குள் ஆட்டோ பறந்தது.

நல்லுசாமி தன் கடையில் இல்லை. கடைக்கு எதிர்ப்பக்கம், வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டுப் பச்சை வேட்டியோடு உட்கார்ந்திருந்தார். மாலை போட்டால் கறியைத் தொடமாட்டார். கடையில் அவருடைய தம்பி வெட்டிக்கொண்டிருந்தார். இவர் ரோட்டுக்கு இந்தப் பக்கம் இருந்தபடியே, எலும்பைக் குறைத்துப் போடு என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்.

"சாமி, ஒரு உதவி," என்று இளவேனில் முன்னால் போய் நின்றாள். நடந்ததைச் சொன்னாள்.

குஸ்கா என்று கேட்டதும் நல்லுசாமி இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். முதல் வருஷம் மாலை போட்டபோது அவருக்கும் இதே கதைதானாம். சைவம் என்று நம்பிப் போன கடையில் தோசைக்கல்லிலேயே ஆம்லெட்டும் போட்டார்களாம். இன்னொரு கடையில் பரோட்டா மாவில் முட்டை இருந்ததாம். ஒவ்வொரு தடவை தெரியவரும்போதும் வீட்டுக்கு ஓடிப்போய்த் தலை முழுகினாராம்.

"குளிச்சுக் குளிச்சுச் சளி பிடிச்சதுதான் மிச்சம் ஆத்தா. அதுக்கப்புறம் இந்த ஊர்ல ஒவ்வொரு அடுப்பா நேர்ல போயிப் பாத்துட்டேன். இந்நேரத்துக்கு நம்பிச் சாப்பிடணும்னா சிவனம்மா மெஸ்ஸுதான். பூ மார்க்கெட்டுக்குப் பின்னாடி. போர்டு கிடையாது, சொன்னாத் தெரியாது."

சொன்னால் தெரியாது என்பதால் அவரே ஏறிக்கொண்டார். தம்பியிடம், செத்த நேரம் பார்த்துக்கொள், எலும்பைக் குறை என்று மறுபடியும் சத்தம் போட்டார்.

பூ மார்க்கெட் சந்தில் மல்லிகை வாசம் அடித்தது. சிவனம்மாள் மெஸ் ஒரு வீட்டின் முன்பகுதிதான். நான்கு பெஞ்சு. கூட்டம் கலைந்து, பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. இலையைப் போட்டுத் தண்ணீர் தெளித்தார்கள். புவனேஸ்வரி உட்கார்ந்தாள். ஆனால் கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

இளவேனில் அவளைப் பார்த்தாள். எழுந்து அடுப்படிக்குள் போனாள். சிவனம்மாளிடம் கேட்டுக்கொண்டு ஒவ்வொரு பாத்திரமாகத் திறந்து பார்த்தாள். முருங்கைக்காய்ச் சாம்பார். ரசம். மோர். வெஞ்சனத்துக்கு அவரைக்காய்ப் பொரியலும் கத்திரிக்காய்க் கூட்டும். முட்டை எப்போதாவது வாங்குவார்களா, கருவாடு வீட்டுக்குள் வருமா என்று வரிசையாகக் கேள்வி கேட்டாள். சிவனம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார்.

"ஏஞ்சாமி, உங்களைய விடப் பெரிய சாமியாக் கூட்டியாந்துருக்கீக," என்று நல்லுசாமியிடம் சொல்லிச் சிரித்தார்.

இளவேனில் வெளியே வந்து புவனேஸ்வரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "எல்லாத்தையும் நானே பாத்துட்டேன். சாப்பிடு."

புவனேஸ்வரி அவள் முகத்தை ஒரு தடவை பார்த்தாள். பிறகு சோற்றில் கை வைத்தாள். அதற்கப்புறம் அவள் தலையைத் தூக்கவே இல்லை. சாம்பார் முடிந்தது, ரசம் முடிந்தது, கூட்டு மூன்று தடவை வந்தது. இளவேனிலும் ஒரு இலை போட்டுச் சாப்பிட்டாள். அப்பாவும் ஓரமாக உட்கார்ந்து சாப்பிட்டார். ஆட்டோவில் இருந்த பிரியாணியை மறந்துவிட்டு இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டார்.

அவர்கள் பள்ளி வாசலில் இறங்கியபோது பெல் அடித்துக்கொண்டிருந்தது.

அரையிறுதி தொடங்கியது. புவனேஸ்வரியின் விரல் நடுங்கவில்லை. சுண்டினால் சத்தம் வரவில்லை, காய் மட்டும் காணாமல் போனது. இளவேனிலும் விடவில்லை. அவள் இதுவரை இவ்வளவு நன்றாக ஆடியதே இல்லை. சுற்றி நின்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். இரண்டு பேரும் சமமாக இருக்கும்போது கடைசி போர்டு வந்தது. இளவேனில் சிவப்புக் காயைப் போட்டாள். ஆனால் அதற்கு அடுத்துப் போட வேண்டிய வெள்ளைக் காய் குழியின் விளிம்பில் நின்றுவிட்டது. சிவப்புக் காய் மறுபடி நடுவில் வந்து உட்கார்ந்தது. புவனேஸ்வரி அதைப் போட்டாள். அடுத்துத் தன் கடைசிக் காயையும் போட்டாள். ஆட்டம் முடிந்தது.

இளவேனில் கை கொடுத்துவிட்டு வராந்தாத் தூணுக்குப் பின்னால் போய் அழுதாள். தோற்றால் அழுகை வரத்தான் செய்யும். சுகன்யா வந்து, நான்தான் அப்போதே சொன்னேனே என்றாள். அவள் சொன்னதும் உண்மைதான். இளவேனில் மறுக்கவில்லை. ஆனால் மறுபடி அதே நேரம் வந்தாலும் எழுந்து ஓடத்தான் செய்வோம் என்று அவளுக்குத் தெரிந்தது. அது தெரிந்ததும் அழுகை கொஞ்சம் குறைந்தது.

தூணுக்கு அந்தப் பக்கம் யாரோ தயங்கி நின்றார்கள். புவனேஸ்வரி.

"நாளைக்குக் காலையில ஃபைனல்," என்றாள். "ராத்திரிக்கும் அண்டாதான் வருதாம்."

இளவேனிலுக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது. முகத்தைத் துடைத்துக்கொண்டு செருப்பை மாட்டினாள்.

"அப்பா வண்டியை எடுக்கச் சொல்றேன், வா. ராத்திரிக்கும் காலை டிபனுக்கும் சேத்து நல்லுசாமி சாமிகிட்டக் கேட்டுட்டு வந்துருவோம்," என்று புவனேஸ்வரியின் கையைப் பிடித்து இழுத்தாள். "நீ பட்டினியா ஆடி ஃபைனல்ல தோத்துட்டேன்னு வையி, அப்புறம் நான் உங்கிட்டத் தோத்ததுக்கு என்னடி மரியாதை?"